மீதி நான்கு நிமிட ஆங்கிலம்

வேலூரில் காதுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி ஒன்றில், இரண்டு டாக்டர்கள் என் கணவரைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதனால் அடித்துச் சொல்கிறேன், முழுசாக ஐந்து நிமிடம். ஒருவர் தலை நரைத்தவர். இன்னொருவர் அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த சின்ன வயசு டாக்டரம்மா. கோடு ஏறி இறங்கிய ஒரு காகிதம் இருவர் கையிலும் மாறி மாறிப் போய்வந்தது. என் கணவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லி எடுத்த பரிசோதனை அது. பேச்சு முடிந்ததும் பெரிய டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. மாத்திரை எழுதியிருக்கேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க, திரும்ப டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்."

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக இருந்தது. ஐந்து நிமிட ஆங்கிலம் அரை நிமிடத் தமிழாகச் சுருங்கிவிட்டது. சரி, மாத்திரைக்கும் ஆறு மாசத்துக்கும் சேர்த்துத் தாராளமாக ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். மீதி நான்கு நிமிடம் எங்கே? என் வீட்டுக்காரர் காதைப் பற்றிய சேதியை என் கண்ணெதிரிலேயே பேசிவிட்டு, எனக்குக் கொடுக்காமல் அவர்களே வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது.

ஆரணி பஸ் கண்ணமங்கலம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். வெளியே மலை கூடவே ஓடிவந்தது. சாயங்கால வெயில் வயல்களின் மேல் புகை மாதிரி படிந்து கிடந்தது. எதைப் பார்த்தாலும் கொஞ்ச நேரத்தில் அதற்குள் போய்விடுகிற புத்தி எனக்கு. அந்த மலைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தபோது ஒரு முடிவோடு வந்தேன். ஆறு மாதம் இருக்கிறது. அடுத்த முறை அவர்கள் பேசப்போகும் ஐந்து நிமிடமும் எனக்கு வேண்டும். அதற்கு நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டாக வேண்டும்.

நாங்கள் இருவரும் ஆரணியில் ஒரே விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள். ஆளுக்கு இரண்டு தறி. என் தறிகள் கிழக்கே, அவர் தறிகள் மேற்கே, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. மகளைப் பெரணமல்லூரில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கொட்டகையில் பன்னிரண்டு தறி ஓடும். அந்தச் சத்தத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு வார்த்தை ஏறாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால்தான் பேசுவோம். வேலைக்குச் சேர்ந்த ஒரு வருடத்துக்குள் யாருக்கும் அது வந்துவிடும். குரல் வேண்டாம், வாயை அசைத்தால் போதும், நான்கு தறி தள்ளி நிற்கிறவள் பதிலுக்கு வாயை அசைப்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையின் பாதிப் பேச்சு அந்தச் சந்துக்கு இரண்டு பக்கமும் நின்று நடந்ததுதான். மகளைப் பற்றி, சம்பந்தி வீட்டு வம்பு, மத்தியானத்துக் குழம்பில் உப்பு, முந்தின நாள் கண்ட கனவு எல்லாம் அங்கேதான். வீட்டுக்கு வந்த பிறகு பேச மிச்சம் இருக்காது.

அவருடைய காதில் கோளாறு என்று எனக்குத் தெரியவந்ததே தாமதமாகத்தான். வீட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அடுப்படியிலிருந்து ஒன்று கேட்டால் பதில் வராது. அதையே எதிரில் போய் நின்று கேட்டால் உடனே பதில் வரும். ஆம்பளைத் திமிர் என்றுதான் நினைத்தேன். "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரிகீது" என்று அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் போய், பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தபோதுதான் வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். "லேசா அடச்சிகினு கீது, அவ்ளோதான்" என்றார் என் வீட்டுக்காரர். லேசு என்றால் எவ்வளவு லேசு? சரியாகுமா, இன்னும் மோசமாகுமா? அந்த நான்கு நிமிடத்துக்குள் அதற்கு விடை இருந்திருக்க வேண்டும்.

பத்தாவதில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றவள் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். யாராவது பேசினால் புரியாது, நானாகப் பேச வராது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்று நடந்தது. விசாரிக்கப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "உங்க பொண்ணுக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்று சொல்ல வாய் எழவில்லை. வகுப்பு நேரமும் என் ஷிஃப்ட் நேரமும் ஒன்றாக இருந்ததில் எனக்கு உள்ளூர நிம்மதி. நோட்டீஸை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாத்தியார் இல்லாமல் எப்படிக் கற்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. போனில் தேடினால் ஆயிரம் பேர் வழி சொல்கிறார்கள். முப்பது நாளில் வரும், ஏழு நாளில் வரும், தூங்கும்போதே வரும் என்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு வீடியோவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்கிற மூன்று நிமிட வீடியோ. தினமும் விடியற்காலையில் சோறு வடிக்கிற நேரத்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதையே கேட்டேன். முதல் பத்து நாள் அது மழை பெய்கிற சத்தம் மாதிரிதான் இருந்தது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பிறகு ஒருநாள் கஞ்சித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, மழைக்குள்ளிருந்து ஒரு துளி தனியாக விழுந்தது. எப்போதிலிருந்து வலிக்கிறது என்று அந்த டாக்டர் கேட்கிறார். அவ்வளவுதான். அதற்கே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கஞ்சி காலில் கொட்டியது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

அன்றிலிருந்து துளித்துளியாக விழுந்தது. காதில் விழுந்ததை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். தாளைக் கொட்டகைக்கு எடுத்துப்போய்த் தறிக் கட்டையில் ஒட்டிவைப்பேன். அங்கே அதை வாய்விட்டுச் சொல்வேன். வீட்டில் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தால் எனக்கே கூச்சம் பிடுங்கித் தின்னும். சுவர் கேட்கிற மாதிரி இருக்கும். கொட்டகையில் அந்தக் கவலையே இல்லை. பன்னிரண்டு தறிச் சத்தத்துக்கு நடுவில் நான் அடித்தொண்டையில் கத்தினாலும் எனக்கே கேட்காது. தப்பா ரைட்டா என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் கிடைத்த வகுப்பறையிலேயே வெட்கமில்லாத வகுப்பறை அது.

சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அமைதி மாதிரி ஆகிவிடும். இதைத் தறியில் நிற்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல் மணி நேரம் காது அடம்பிடிக்கும். பிறகு சத்தம் எங்கோ கீழே இறங்கிப் போய்விடும், நாம் மேலே மிதப்போம். கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கும். அந்தத் தூணுக்குள் நூல் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி நான் செய்கிற வேலையை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லுவேன். நான் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறேன். நான் தண்ணீர் குடிக்கிறேன். பக்கத்துத் தறி அக்காவின் ஜாக்கெட் பச்சை. வெயில் நகர்கிறது. சொல் தெரியாத இடத்தில் தமிழைப் போட்டு நிரப்பிக்கொண்டு போய்விடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த ஓட்டைகளை மட்டும் போனில் தேடி அடைப்பேன். மறுநாள் அதே வாக்கியம் ஓட்டை இல்லாமல் வரும். இரண்டு மாதத்தில், தூசி சுற்றுவதைப் பற்றி மட்டும் மூன்று விதமாகச் சொல்லத் தெரிந்தவள் ஆனேன். அந்த மத்தியானங்களில் நான் ஆரணியில் இருந்தேனா வேறெங்காவது இருந்தேனா என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் அவர் சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாயசைத்துக் கேட்டார். "இன்னாமே, யாராண்ட பேசிகினுகீற?"

"ஒண்ணுமில்ல, சும்மா" என்று வாயசைத்தேன். வேலூரில் நான் ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும்போது அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. சின்னப்பிள்ளை ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை. இழையை முடிச்சுப் போட்டு நிமிரும்போதெல்லாம் அவருடைய பார்வை என் வாயின் மேலேயே இருக்கும். இந்த வயதில் என்ன பார்வை என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. தப்புக் கண்டுபிடிக்கிறாரோ என்று தோன்றினால் எனக்கு நாக்கு சுருண்டுகொள்ளும். அதனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தேன். சந்துப் பேச்சு குறைந்துபோனது. கனவுகளைக்கூட அவரிடம் சொல்ல மறந்துபோனேன்.

கனவு என்றால், அந்த மாதங்களில் ஒரே கனவு அடிக்கடி வந்தது. எங்கள் ஊர்க் கமண்டல நாக நதியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. அக்கரையில் நிறையப் பேர் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீருக்கு மேல் மிதந்து வருகிற அந்தப் பேச்சு ஒன்றுவிடாமல் எனக்குப் புரிகிறது. அவ்வளவு சுலபமாகப் புரிகிறது. ஏதோ என்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறார்கள். விழித்ததும் ஒரு சொல்கூட மிஞ்சாது. ஊமை கண்ட கனவு, யாரிடம் சொல்வது? அரிசி மில்லிலிருந்து நெல் அவிக்கிற வாசனை வரும். ஆறு வறண்டு கிடப்பது நினைவுக்கு வரும். எழுந்து அரிசி களைவேன்.

தனியாகவே பேசிக்கொண்டிருந்தால் போதாது, எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்று நான்காவது மாதம் தோன்றியது. காசில்லாமல் ஆங்கிலம் பேச ஆள் எங்கே கிடைக்கும்? போன் கம்பெனியில் கிடைத்தது. கஸ்டமர் கேருக்குப் போட்டால் தமிழுக்கு ஒன்றை அமுக்கு, ஆங்கிலத்துக்கு இரண்டை அமுக்கு என்று சொல்லும் இல்லையா? இத்தனை வருடமும் ஒன்றையே அமுக்கிய விரலால் இரண்டை அமுக்கினேன். ஒரு பெண் குரல் இனிமையாக வந்தது. என் போனுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனாலும் சிக்னல் சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பேன். "சொல்லுங்க மேடம், நான் தமிழ்தான்" என்றாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான மாதிரி எனக்கு ஏமாற்றம். "நோ தமிழ், இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றேன். பிறகு அவள் குரல் மாறியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள். என் நோக்கம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியில், மேடம், கொஞ்சம் சத்தம் குறைத்துப் பேசினால் போதும், எனக்கு நன்றாகக் கேட்கிறது என்றாள். நான் கத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. என் ஆங்கிலம் தறிச் சத்தத்துக்குள் பிறந்தது, அதற்கு மெல்லப் பேசத் தெரியாது.

அதற்கு அடுத்த வாரம் கொட்டகையில் மானம் போனது. மத்தியான நேரம். வேலூரில் பேசப்போகிற வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி ஓட்டைப் பார்த்துக் கை நீட்டி, "டாக்டர், ஐ அண்டர்ஸ்டாண்ட்! மை ஹஸ்பண்ட்! ப்ளீஸ் டெல் மீ எவ்ரிதிங்!" என்று கத்தினேன். முதல் பாதி சத்தத்தோடு போனது. இரண்டாம் பாதிக்கு வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. பன்னிரண்டு தறியும் நின்றுபோன கொட்டகையில் என் எவ்ரிதிங் மட்டும் கூரைக்குப் போய் முட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்துத் தறி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "யார்ட்டடி கேக்கற? கரண்ட் ஆபீஸ்லயா?"

கொட்டகையே சிரித்தது. எனக்குத் தரையில் ஒரு குழி இருந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. அவர் மட்டும் உடனே சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில், எல்லோரும் ஓய்கிற நேரத்தில், அவரும் சிரித்தார். பெண்டாட்டியைக் கேலி பேச மனசு வராமல் தயங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பிரியம் ஒரு பிடி கூடியது உண்மை. அந்த நாளோடு எனக்குக் கலெக்டரம்மா என்று பெயரும் ஆனது. கேலி செய்தவர்களே பிறகு ஒவ்வொருத்தியாக வந்து, மருமகள் சோம்பேறி என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டுப்போனார்கள். ரகசியம் போனதில் ஒரு நன்மை, கூச்சமும் கூடவே போனது.

ஆறு மாதம் முடிந்து வேலூர் போனோம். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன். பரீட்சைக்குப் போகிற மாதிரி காலண்டர் தாளைக் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவரைக் கூண்டுக்குள் அனுப்பினார்கள். இந்த முறை பரிசோதனை எடுத்தது வேறொரு பெண். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கோடு போட்ட காகிதம் வந்தது. அதே பெரிய டாக்டர், அதே சின்ன டாக்டரம்மா, அதே கடிகாரம். அவர்கள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

புரிந்தது. கனவில் ஆற்றைத் தாண்டி வந்த பேச்சு மாதிரி, சுலபமாகப் புரிந்தது. டாக்டரம்மாவுக்கு லீவு வேண்டும். தங்கைக்கு நிச்சயதார்த்தம். வியாழக்கிழமை நோயாளிகளை யார் பார்ப்பது என்கிறார் பெரியவர். வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்கிறாள் இவள். மாப்பிள்ளை என்ன செய்கிறார்? கோயம்புத்தூரில் சொந்தத் தொழில். கேண்டீன் காப்பியில் இப்போதெல்லாம் பாலே இல்லை. இப்படியே கடிகார முள் நகர்ந்தது. ஆறு மாதமாக நான் தூக்கம் கெட்டுத் தேடிய நான்கு நிமிடம் இதுதானா என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு பெரியவர் காகிதத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. போன பரிசோதனை இப்படி இல்லையே, இரண்டு காதும் ரொம்ப மோசமாக இருக்கிறதே என்றார். தறிச் சத்தம், வருடக்கணக்கில், என்றார். அதற்கப்புறம் அவர் சொன்ன நீளமான சொல் எனக்குத் தெரியாதது. ஆனால் அதன் நடுவில் ரிவர்ஸ் என்று ஒன்று இருந்தது. லாரிக்காரர்கள் புண்ணியத்தில் அதை அறியாதவர் உண்டா? முன்னால் ஏதோ இல்லை என்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால், ரிவர்ஸில் திரும்பி வராது. போனது போனதுதான். சின்ன டாக்டரம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இந்த அம்மாவும் உள்ளே வரும்போது ரொம்பச் சத்தமாகப் பேசினார்கள், இவர்களுக்கும் பரிசோதனை எடுத்துவிடலாம் சார் என்றாள்.

சிரிப்பு அடங்கிப்போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. ஒத்திகை பார்த்த வசனம் தானாக வந்தது. "டாக்டர், ஐ அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் டெல் மீ எவ்ரிதிங்." தறிக் கொட்டகைக் குரலிலேயே வந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தமிழிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு மரியாதை செய்கிறதாக நினைத்தோ என்னவோ, முழுக்க ஆங்கிலத்திலேயே பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். முக்கால்வாசி புரிந்தது. போய்விட்ட கேட்கும் சக்தி திரும்பாது. கருவி மாட்டினால் கொஞ்சம் உதவும். மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் கொட்டகைக்குள் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். என்னையும் கூண்டுக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம்தான் போயிருந்தது.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கத்து மதிலில் வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சொன்னாங்க?"

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெரு இரைச்சல் வேறு. கொட்டகையில் பேசுகிற மாதிரியே குரல் இல்லாமல் வாயசைத்துச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

"அது தெரிஞ்சதுதான்மே" என்றார்.

"இன்னாங்க தெரிஞ்சது?"

"ரெண்டு வருசமா பேச்சுன்னு ஒண்ணும் காதுல உழறதில்ல. பஸ் ஹாரன் அடிச்சா தெரியும். பட்டாசு வெடிச்சா தெரியும். அவ்ளோதான்."

"மொத தபா டெஸ்ட்டுல நல்லாத்தான வந்திச்சி?"

"கண்ணாடிக்கு அந்தாண்ட அந்தப் பொண்ணு அமுக்கறது தெரிஞ்சிது. அது கையப் பார்த்து நானும் அமுக்கிட்டேன். நீ பயந்துகினு குந்திகினு இருந்த, அதான். இந்தத் தபா வந்தது திரும்பிக் குந்திகிச்சி, இன்னா செய்ய?" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ எங்க என்னை வெசாரிச்ச? டாக்டரைத்தான வெசாரிச்ச."

ஒரு பாஷையையே கற்றுக்கொண்டு போய் வாங்கிவந்த சேதி, இத்தனை நாளும் பக்கத்துப் பாயிலேயே தமிழில் படுத்துக் கிடந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்தது, பொங்கிக்கொண்டு வந்தது. தறியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். இழை அறுந்தால் தரை அதிர்கிற விதம் மாறும், காலில் தெரியும் என்றார். வீட்டில் என் வாயைப் பார்த்துக்கொள்வாராம். அடுப்படியிலிருந்து நான் பேசினால்தான் தெரியாதாம், பேசி முடித்து நானே எதிரில் வந்து நிற்பேன் என்று காத்திருப்பாராம்.

"எனக்கு ஒரு கொறையும் இல்லமே. நீ பேசறதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிகினுதான் இருந்துது" என்றார். டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ இங்கிலீஷ் ஆரம்பிச்ச பாரு, அப்பத்தான் பேஜாராப் போச்சி. உன் வாய் அசையுது, ஒரு வார்த்த எனக்குப் புரியல. அப்பறம் மூஞ்சியவும் செவுத்துப் பக்கம் திருப்பிகின. அந்த ஆறு மாசந்தான் எனக்கு நெஜமாவே காது கேக்காதவன் மாதிரி இருந்துது."

நான் அழுதேன். டீக்கடைக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அழுதேன். அவர் என் டம்ளரையும் எடுத்துப்போய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆரணி பஸ்ஸில் அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். நான் நேராக உட்காராமல் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, ஆறு மாதப் பேச்சு பாக்கி இருந்தது. ஆறு நிறையத் தண்ணீர் போன கனவிலிருந்து ஆரம்பித்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூடத் தெரியாமல், ஊர் வந்து சேருகிறவரை, அவர் கண் எதிரில் வாயை அசைத்து அசைத்துத் தமிழில் பேசிக்கொண்டே வந்தேன்.